நான் எழுதிக் கொடுத்த வாக்கியம்

சாமி,

போனில் பேசினால் நீ சிரித்தே மழுப்பிவிடுகிறாய். "அம்மா, வெளிய கூட்டம் நிக்குது, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது. கிழித்துப் போடலாம், முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நீ சென்னைக்குப் போய் மேற்படிப்பில் சேர வேண்டும். எலும்பு மருத்துவம், அரசுக் கல்லூரி. எத்தனையோ பிள்ளைகள் வருஷக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து படித்தும் கிடைக்காத சீட். அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று நேற்று உன் வாயாலேயே சொன்னாய். நாமகிரிப்பேட்டைக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தை விட்டு வர மனசில்லையாம். கூட இருந்த டாக்டரம்மா பிரசவ லீவில் போய்விட்டாளாம், நீயும் போய்விட்டால் அங்கே ஆளே இல்லையாம். உனக்கென்னடா தலையெழுத்து என்று கேட்டதற்கு, "அன்னைக்கே சொன்னேன்லம்மா, ஏழை மக்களுக்குச் சேவை செய்யறதுதான் என் லட்சியம்னு" என்றாய். நன்றாகக் கேட்டுக்கொள். அந்த வாக்கியம் உன்னுடையதல்ல. அது நான் எழுதிக் கொடுத்தது.

உனக்கு மட்டுமா எழுதிக் கொடுத்தேன்? நீ படித்த அந்த ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் டீச்சர் என்று பேர். தமிழை யார் அங்கே கேட்டார்கள்? பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் ஸ்டோர் ரூமில் கிடக்கும். பிள்ளைகள் இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் பாடத்தையே அரைத்துக்கொண்டிருப்பார்கள். என் உண்மையான வேலை ரிசல்ட் வரும் வாரத்தில்தான். தாளாளர் கூப்பிட்டு அனுப்புவார். "டீச்சருங்க, நம்ம பசங்க பத்திரிகைக்காரங்களப் பாத்தா பேந்தப் பேந்த முழிக்கிறானுங்க. நல்லதா நாலு வரி எழுதிக் குடுத்துருங்க." நானும் எழுதிக் கொடுப்பேன். முதலில் தாளாளருக்கு நன்றி, அப்புறம் ஆசிரியர்கள், அப்புறம்தான் பெற்றவர்கள்; அந்த வரிசை மாறக் கூடாது. கடைசியில் லட்சியம். டாக்டருக்குப் படிக்கப் போகிறவன் என்றால் ஏழை எளிய மக்களுக்குச் சேவை, இன்ஜினியர் என்றால் நாட்டின் வளர்ச்சி, கலெக்டர் ஆசை இருந்தால் லஞ்சம் ஒழிப்பு. இயற்பியல் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை ஒப்பிக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரி வாயில் நுழையாது. நான் வராந்தாவில் நிறுத்தி வைத்துச் சொல்லச் சொல்லிப் பழக்குவேன். சொல்கிற பிள்ளை அதை நம்பியதில்லை, எழுதிக்கொள்கிற நிருபர் நம்பியதில்லை, மறுநாள் டீக்கடையில் பேப்பர் படிக்கிறவனும் நம்பியதில்லை. கடிதத்தில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுகிற மாதிரிதான் அது. என்னிடம் அந்த வரியைப் பழகியவர்கள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள், காரும் வீடுமாக நன்றாக இருக்கிறார்கள். ஒருத்தரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. நான் பெற்றது மட்டும் தொங்குகிறது. என் கிரகம், வேறென்ன?

சேவை என்றால் என்னவென்று உனக்கு நான் எழுதிக் கொடுத்த வரியில்தான் தெரியும். எனக்கு உங்கப்பாவைக் கட்டிக்கொண்டதால் தெரியும். லைன்மேன் பெண்டாட்டியாக இருந்து பார்த்தவளுக்குத்தான் அந்த வேலையின் அருமை புரியும். எங்கே கம்பி அறுந்தாலும், எந்தத் தோட்டத்தில் மோட்டார் நின்றாலும், ஆபீஸுக்கு ஒருத்தரும் போன் பண்ண மாட்டார்கள். நேராக நம் வாசலுக்கு வந்து, "அண்ணா இருக்காருங்களா?" என்பார்கள். சோற்றில் கை வைத்திருப்பார், எழுந்துவிடுவார். "ஊருக்கு வெளக்கேத்தற வேல புள்ள, ஒக்காந்து திங்க முடியுமா?" என்று எனக்கே சமாதானம் சொல்லுவார். ஊரும் அவரைத் தலையில் வைத்துத்தான் கொண்டாடியது. கோயில் நோம்பியில் முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். அதையெல்லாம் பார்த்துப் பெருமைப்பட்டவள்தான் நானும். தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள், கை ஓய்ந்தால் கீழே போட்டுவிடுவார்கள் என்று அப்போது யார் கண்டது?

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். மே மாதம், அக்கினி வெயில். லீவிலும் வகுப்பு நடந்த ஹாஸ்டலில் பெற்றவர்கள் வந்து பிள்ளைகளைப் பார்க்கிற நாள். நான் பள்ளிக்கூடத்திலேயே இருந்தேன். உங்கப்பா வீட்டிலிருந்து குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. கிளம்பி வண்டியைக்கூட எடுத்துவிட்டார். அப்போதுதான் கோழிப்பண்ணைக்காரர் வழிமறித்திருக்கிறார். "லைன்மேனுங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. காலையில இருந்து கரண்ட் இல்லீங்க, தண்ணி அடிக்கிற மோட்டார் ஓடலீங்க. கோழியெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்க." அன்று உங்கப்பாவுக்கு லீவு. வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சோற்று மூட்டையைப் பக்கத்துக் கடைக்காரர் மூலமாகக் கொடுத்தனுப்பிவிட்டு எனக்குப் போன் செய்தார். "நீ பையனுக்குச் சோத்தப் போட்டுக் குடு புள்ள. நான் அரை மணி நேரத்துல வந்தர்றேன்." நீ வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். மற்ற பிள்ளைகளெல்லாம் அப்பா மடியில் சாய்ந்துகொண்டிருந்தார்கள். "அப்பா எப்பவுமே இப்படித்தான்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு, பாதிச் சோற்றோடு எழுந்து போனாய்.

நீ எழுந்து போன அந்த நேரத்தில்தான் உங்கப்பா கம்பத்தில் இருந்தார். டிரான்ஸ்பார்மரை அணைத்துவிட்டுத்தான் ஏறினார். வேலை தெரிந்த மனுஷர். பண்ணையில் ஜெனரேட்டர் ஒன்று ரிப்பேராகிக் கிடந்தது. அதை யாரோ தட்டிக்கொட்டி ஓட்டுகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஜெனரேட்டரைப் போடுவதற்கு முன்னால் ஒரு சுவிட்சைத் தள்ளிவிட்டு, கம்பத்து லைனை வெட்டிவிட வேண்டும். சேஞ்ச் ஓவர் என்பார்கள். அதைத் தள்ளாமல் போட்டால், ஜெனரேட்டர் கரண்ட் திரும்பிக் கம்பத்துக்கே போய்விடும். பண்ணையில் அந்த சுவிட்சே வைக்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். கோழி சாகிற பதைப்பில், மேலே ஆள் இருப்பதை மறந்து போட்டுவிட்டார்கள். வலது கை முழங்கை வரைக்கும் கரிந்து, கம்பத்திலிருந்து விழுந்தார். சேலத்து ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே கையை எடுத்தார்கள். பண்ணைக்காரர் ஓடி வந்தார், நான் இல்லையென்று சொல்லவில்லை. வராந்தாவில் என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "போச்சுங்க டீச்சர், ஒரு செட்டுக் கோழி மொத்தமும் போச்சுங்க." அதற்கப்புறம்தான், "அண்ணனுக்கு எப்படி இருக்குதுங்க?"

ஊர் சும்மா இருக்குமா? வேன் பிடித்துக்கொண்டு வந்தது. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், ரொட்டி. கட்டிலுக்கு அடியில் வைக்க இடமில்லை. பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எல்லாரும் அழுது ஓய்ந்த பிறகு, மேற்குத் தோட்டத்துக்காரர் ஒருத்தர் கட்டில் பக்கத்தில் குனிந்து, கட்டுப் போட்ட தோளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏனுங்கண்ணா, நம்ம தோட்டத்து லைன் நேத்திருந்து ஒத்த பேஸ்தான் வருது, மோட்டாரு ஓட மாட்டேங்குது. இனி யாருகிட்டங்க சொல்றது?" மயக்கம் தெளியாத மனுஷர், "ஆபீஸ்ல சொல்லுங்க, கம்பத்துல ப்யூஸ் போயிருக்கும்" என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார்! அந்த ஆரஞ்சுகளை அப்படியே தூக்கி அந்தத் தோட்டத்துக்காரர் தலையில் போட்டிருக்க வேண்டும். டீச்சர் என்கிற மரியாதை என் கையைக் கட்டிவிட்டது. விசாரணைக்கு ஆபீசர்கள் வந்தபோதாவது உங்கப்பா வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். "நாந்தானுங்க ஒரு தடவ பண்ணையில சொல்லிட்டு ஏறியிருக்கோணும்" என்று முடித்துவிட்டார். பண்ணைக்காரர் தப்பித்தார். அந்த விசுவாசத்தில் இன்றைக்கும் மாதம் தவறாமல் ஒரு அட்டை முட்டை வீட்டுக்கு வருகிறது. உங்கப்பா இடது கையால் உரித்துச் சாப்பிடுகிறார். நான் அன்றிலிருந்து முட்டையைத் தொட்டதில்லை.

இதையெல்லாம் உன்னிடம் காலாண்டுப் பரிட்சை முடிகிறவரை சொல்லவில்லை. அப்பாவுக்கு டூட்டி, அப்பாவுக்கு மழைக்கால வேலை என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புளுகினேன். ஒரே காம்பவுண்டுக்குள் இருந்துகொண்டு, வராந்தாவில் உன்னைக் கடந்துபோகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். தாயா நீ என்று நீ கேட்டாய், லீவுக்கு வந்து அப்பாவைப் பார்த்த அன்று. அந்த ஊரில் எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள். மாமியார் செத்ததையே மறைத்து, பிள்ளையைப் பரிட்சை எழுத வைத்தவர்களை எனக்குத் தெரியும். நீ அதற்கப்புறம் என்னிடம் சரியாகப் பேசியதில்லை. வெறி பிடித்தது போலப் படித்தாய். அது கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் ரிசல்ட் அன்று நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. மாவட்டத்தில் ரேங்க். தாளாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சருங்க, கையிழந்த லைன்மேன் மகன்னு போட்டா பேப்பர்ல எச்சா எடம் குடுப்பாங்க. அவர முன்னால நிக்கச் சொல்லுங்க, அந்தக் கை தெரியறாப்ல" என்றார். உங்கப்பா வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சொன்ன இடத்தில் நின்றார். போட்டோக்காரன் லட்டை இடது கையில் கொடுத்து, ஊட்டுங்க என்றான், ஊட்டினார். அப்புறம் மைக்கை உன் முன்னால் நீட்டினார்கள். நான் தூணோரம் நின்று, உன்னோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன், எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்கிற மாதிரி. நன்றி வரிசை தப்பாமல் வந்தது. லட்சியம் வந்தபோது நீ கேமராவைப் பார்க்கவில்லை. உங்கப்பாவின் மடித்துவிட்ட சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். என் உதடு நின்றுவிட்டது. அய்யய்யோ, இந்தப் பையன் இதை நிஜமாகச் சொல்கிறானே என்று எனக்கு அப்போதே திக்கென்றது. பெற்ற மனம் பித்து அல்லவா, பத்து நாளில் மறந்துவிடுவான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

நீ மறக்கவில்லை. சரி, என்ன கிடைத்தது? போன மாதம் பாம்பு கடித்தவனை, மந்திரிப்பவரிடம் முதலில் தூக்கிக்கொண்டு போய், அங்கே வேளையைக் கழித்துவிட்டு, கண் சொருகின பிறகு உன்னிடம் கொண்டுவந்தார்கள். ஊசி போட்டாய், ஆம்புலன்சில் நீயே ஏறிக்கொண்டு சேலத்துக்கு ஓடினாய். வழியில் போய்விட்டான். அதற்கு உன் சட்டையைப் பிடித்தார்கள், கண்ணாடியை உடைத்தார்கள், உன் நெற்றியில் தையல். அடுத்த வாரமே, உன் சட்டையைப் பிடித்தவனே தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரிசையில் வந்து நின்றிருக்கிறான். "டாக்டருங்க, கொஞ்சம் நல்லாப் பாருங்க." நீயும் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு அதை எனக்குப் போன் பண்ணி, ஏதோ சினிமாக் காமெடி சொல்கிற மாதிரி சிரித்துச் சிரித்துச் சொன்னாயே. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கட்டிலில் படுத்துக்கொண்டு, ப்யூஸ் போயிருக்கும் என்று சொன்னவருடைய சிரிப்பு அது. ஒரு வீட்டில் ஒன்று போதாதா, சாமி?

நீ போனால் அந்த இடத்துக்கு யாரும் வர மாட்டார்கள் என்கிறாய். எல்லா இடத்துக்கும் யாராவது வருவார்கள். உங்கப்பா ஏறின கம்பத்துக்கும் ஆள் வந்தது. அடுத்த மாதமே புது லைன்மேனை, "அண்ணா இருக்காருங்களா?" என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள், நம் வாசல் காலியாகிவிட்டது. நீ இல்லாத சுகாதார நிலையத்துக்கும் அப்படித்தான், கொஞ்ச நாள் திட்டுவார்கள், அப்புறம் இன்னொருத்தன் சட்டையைப் பிடிப்பார்கள். படித்துவிட்டு வேண்டுமானால் திரும்பி வா, யார் வேண்டாமென்றது? பெரிய டாக்டராக வந்தால் சட்டையைப் பிடிக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள். இல்லை, வரவே வராதே. எனக்கு அதிலும் சந்தோஷம்தான். நான் சொல்கிற புத்தி இவ்வளவுதான்: உன் உடம்பு ஊர்ச் சொத்து இல்லை. உன்னை வேண்டும் என்கிறவர்களுக்கெல்லாம் நீ வேண்டியதில்லை, உன் வேலைதான் வேண்டும். இது ஒரு டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாத பாடம்தான். நான் இப்போது டீச்சர் இல்லை.

இதுவரை எழுதினதை இன்று காலை உங்கப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எனக்காக ஒரு வார்த்தை சேர்ப்பார், அவர் சொன்னால் நீ கேட்பாய் என்ற நப்பாசைதான். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும், "எல்லாம் செரி புள்ள, ஒண்ணு மட்டும் தப்பா எழுதியிருக்கற" என்றார்.

"என்ன தப்பு? ஒரு வரி பொய் உண்டா இதுல?"

"பொய்யின்னு சொல்லல. நான் என்னமோ ஊருக்குச் சேவ பண்ணப் போயி ஏறுனாப்ல எழுதியிருக்கறயே. ஊரும் இல்ல, அந்தப் பண்ணைக்காரனும் இல்ல. கோழி புள்ள. போயிப் பாத்தா, அத்தனையும் றெக்கைய விரிச்சுக்கிட்டு, வாயத் தொறந்துக்கிட்டு, என்னையே பாக்குது. சத்தங்கூட வரல அதுகளுக்கு. பாத்துட்டு எப்படிப் போறது? நீயா இருந்தாப் போயிருவியா?"

நான் போயிருப்பேன் என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை வருஷமாக நான் மல்லுக்கட்டுவதற்கு ஓர் ஊர் இருந்தது, ஒரு பண்ணைக்காரர் இருந்தார். வாயில்லாத கோழியோடு நான் எப்படிச் சண்டை போடுவது? ஆம்புலன்சில் நீ ஏறினபோதும், அந்தக் காய்ச்சல் குழந்தையைத் தொட்டுப் பார்த்தபோதும், நீயும் இப்படி எதையோ பார்த்திருப்பாய், என்னிடம் சொல்லத் தெரியாமல் நான் எழுதிக் கொடுத்த வரியையே திருப்பிச் சொல்லியிருப்பாய். அது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால் மனசு ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு உங்கப்பா மேல் கோபம், உன் மேல் கோபம், அந்தப் பாழாய்ப்போன மே மாதத்து வெயில் மேல் கோபம்.

அந்த வாக்கியத்தை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு. வெள்ளிக்கிழமை நீ சென்னையில் இருந்தால், நான் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்பேன். இல்லாமல் போனால், லட்சியம் கிட்சியம் என்று போனில் எனக்கு ஒப்பிக்காதே. பார்த்துவிட்டுப் போக முடியவில்லை என்று உன் சொந்த வார்த்தையில் சொல். திட்டுவதற்காவது எனக்கு என் பிள்ளை கிடைப்பான்.

கவரை ஒட்டப் போகும்போது உங்கப்பா நிறுத்தினார். இன்னும் ஒன்று எழுதச் சொல்கிறார். மாட்டேன் என்றேன், இடது கையை நீட்டி, பேனாவைக் கொடு, நானே எழுதுகிறேன் என்கிறார். அந்தக் கோணல் எழுத்தைப் பார்க்க எனக்கு இன்றைக்குத் தெம்பில்லை. அதனால் அவர் சொன்னபடியே நான் எழுதுகிறேன். "அந்த ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் இருக்குதான்னு கேளு. இருந்தா, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வெச்சிருக்காங்களான்னு கேளு. இல்லீன்னா, அவன் அங்க இருக்கறதுக்குள்ள மொதல்ல அத வெக்கச் சொல்லு. வெளிய கம்பத்துல ஒருத்தன் ஏறியிருப்பான்."

வேறு எதற்கும் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. இதற்கு மட்டும் உடனே பதில் சொல். உங்கப்பா இன்னும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா